எழுதியவர் போனாலும் ஓடும் நிரல்

உலகில் இயங்கும் இணையதளங்களில் பத்துக்கு நான்குக்கும் மேல் ஒரே மென்பொருளில் ஓடுகின்றன. நாளிதழ், பல்கலைக்கழகம், ஜவுளிக்கடை, சிற்றிதழ், சமையல் குறிப்பு என எதற்கும் பொருந்திப்போகும் அந்த மென்பொருளின் பெயர் வேர்ட்பிரஸ். அதற்கு விலை கிடையாது. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை திறந்து படிக்கலாம், தன் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம், மாற்றியதை விற்றுக் காசாக்கவும் செய்யலாம். இப்படிப்பட்டவற்றைத் திறமூல மென்பொருள் என்றும் கட்டற்ற மென்பொருள் என்றும் சொல்கிறோம்.

சும்மா கிடைப்பதால்தான் இவ்வளவு பரவியது என்று பேச்சை முடித்துவிடலாம். ஆனால், சும்மா கிடைத்தும் ஓரிரு வருடங்களில் கேட்பாரற்றுப் போன மென்பொருள்களுக்கு இணையத்தில் கணக்கே இல்லை. வேர்ட்பிரஸே அப்படிக் கேட்பாரற்றுப் போன ஒன்றிலிருந்து முளைத்ததுதான். இருபது ஆண்டுகள் கடந்தும் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், முதலில் எழுதியவரின் திறமையைக் காட்டிலும், பின்னால் வந்து நாள் தவறாமல் பழுது பார்த்தவர்களின் உழைப்புக்கே அதில் பங்கு அதிகம்.

காணாமல் போன ஆசிரியர்

கோர்சிகாவைச் சேர்ந்த மிஷேல் வால்ட்ரிகி 2001-ல் ‘பி2’ என்றொரு சிறு மென்பொருளை எழுதி வெளியிட்டார். நிரல் எழுதத் தெரியாதவர்களும் தங்களுக்கென ஒரு தளம் வைத்து, தினமும் எதையாவது எழுதி வெளியிட அது உதவியது. பலர் பயன்படுத்தினார்கள். பிறகு வால்ட்ரிகி இணையத்தில் தென்படுவது நின்றுபோனது. திருத்தங்களும் நின்றன. அவரை நம்பித் தளம் நடத்தியவர்கள் நட்டாற்றில் நின்றார்கள்.

அவர்களில் ஒருவர் மேட் முல்லன்வெக். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இருந்த, அப்போதுதான் 19 வயது நிறைந்த மாணவர். 2003 ஜனவரியில் தன் தளத்தில் இந்தச் சிக்கலைப் பற்றி எழுதினார். ‘பி2’வின் உரிமம் அனுமதிப்பதால், அந்த நிரலை எடுத்து நாமே தொடரலாமே என்பது அவருடைய யோசனை. இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டிலிருந்து மைக் லிட்டில் என்பவர், இதில் இறங்குவதாக இருந்தால் தானும் கைகொடுப்பதாகப் பதில் எழுதினார். அதுவரை இருவரும் நேரில் பார்த்ததுகூட இல்லை. 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸின் முதல் பதிப்பு வெளிவந்தது. அதற்கு அவர்கள் இட்ட எண் 0.7. ‘பி2’ நின்ற இடத்திலிருந்து எண்ணிக்கையைத் தொடர்ந்தார்கள். பெயரை யோசித்துக் கொடுத்தவர் கிறிஸ்டீன் செல்லெக் என்ற தோழி. வால்ட்ரிகி பின்னர் திரும்பி வந்து, தன் மென்பொருளின் வாரிசு இதுதான் என்று ஏற்றுக்கொண்டார்.

அடுத்தவர் எழுதிய நிரலைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது எப்படித் திருட்டு ஆகாமல் போனது? அதற்கு விடை ஜிபிஎல் என்ற உரிம ஆவணத்தில் இருக்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-ல் முதலில் வெளியிட்டு, 1991-ல் திருத்திய ஆவணம் அது. நிரலை இயக்கவும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. அதில் நீங்கள் மாற்றம் செய்து பிறருக்குக் கொடுத்தால், உங்களுக்குக் கிடைத்த அதே உரிமைகளை அவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். காப்புரிமையைத் துறக்கச் சொல்லாமல், அதே காப்புரிமைச் சட்டத்தை வைத்தே பகிர்வதைக் கட்டாயமாக்கியதுதான் ஸ்டால்மன் செய்த சாமர்த்தியம். வால்ட்ரிகி தன் நிரலை அந்த உரிமத்தின்கீழ் வெளியிட்டிருந்தார். அவர் இல்லாதபோதும் அவருடைய சம்மதம் அங்கே எழுத்தில் இருந்தது.

விலை இல்லாததும் உரிமை இருப்பதும் வேறுவேறு என்பதை அடுத்த ஆண்டே ஒரு சம்பவம் காட்டியது. மூவபிள் டைப் என்ற மென்பொருள் அன்று இந்தத் துறையில் கொடிகட்டிப் பறந்தது. தனிநபர்கள் அதைக் காசில்லாமல் பயன்படுத்தி வந்தார்கள். ஆனால், அதன் உரிமம் கட்டற்றதல்ல. 2004 மே மாதம் வந்த புதிய பதிப்பில் நிறுவனம் விதிகளை மாற்றியது. இத்தனை பேர், இத்தனை தளம் என்று வரம்பு போட்டு, அதற்குமேல் கட்டணம் கேட்டது. அது நிறுவனத்தின் உரிமை, தவறில்லை. ஆனால், பயனாளர்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. கூட்டம் கூட்டமாக வேர்ட்பிரஸுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

சொடுக்கியபின் நடப்பது

வேர்ட்பிரஸ் தளம் ஒன்றில் ஒரு கட்டுரையின் இணைப்பைச் சொடுக்குகிறீர்கள். அந்தப் பக்கம் அச்சிட்ட தாள்போல சர்வரில் எங்கோ தயாராக இருக்கும் என்று நினைப்போம். உண்மையில் அப்படியொரு பக்கமே அங்கு இல்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் அது உருவாகிறது.

முதலில் ஓடுவது இண்டெக்ஸ்.பிஎச்பி என்ற கோப்பு. திறந்து பார்த்தால் அதில் வேலை செய்யும் கட்டளைகள் இரண்டே இரண்டு. இந்தக் கோப்பு எதையும் செய்வதில்லை, செய்யக்கூடிய இன்னொரு கோப்பை அழைக்கிறது என்று தலைப்பிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். அழைக்கப்பட்ட கோப்பு அமைப்பு விவரங்களைப் படிக்கிறது: டேட்டாபேஸின் பெயர் என்ன, அதற்குள் நுழைய பாஸ்வேர்ட் என்ன என்பதெல்லாம் அங்கே இருக்கும். பிறகு மையச் செயற்கூறுகள், அவற்றுக்குப் பின் கூடுதல் வசதிகள் தரும் ப்ளகின்கள், கடைசியில் தளத்துக்கு உருவம் தரும் தீம் என்று ஒவ்வொன்றாக நினைவகத்துக்கு வருகின்றன.

அடுத்து, நீங்கள் கேட்ட முகவரியை வேர்ட்பிரஸ் ஒரு கேள்வியாக மாற்றி டேட்டாபேஸிடம் கேட்கிறது. புதிதாக நிறுவிய வேர்ட்பிரஸின் டேட்டாபேஸில் இருப்பவை 12 அட்டவணைகள்தான். கட்டுரைகள், நிரந்தரப் பக்கங்கள், ஒவ்வொரு கட்டுரையின் பழைய வரைவுகள், ஏற்றிய படங்களின் விவரம், ஏன், தளத்தின் மெனுவில் தெரியும் வரிகள்கூட ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரிசைகளாக இருக்கின்றன. எது எந்த வகை என்பதைச் சொல்ல ஒரு தனிப் பத்தி உண்டு. இந்த எளிமையான அடுக்குமுறையை வைத்துக்கொண்டுதான் கடை, பள்ளி, செய்தித்தளம் எல்லாமே நடக்கின்றன.

கட்டுரை கிடைத்துவிட்டது. ஆனால், எழுதியவர் தட்டச்சு செய்த வடிவில் அது அப்படியே வெளியே போகாது. கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவார்களே, அதுபோல அந்தப் பிரதி செயற்கூறு செயற்கூறாகக் கைமாறுகிறது. வாங்கிய ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு திருத்தம் செய்துவிட்டு அடுத்ததிடம் கொடுக்கிறது. ஒன்று நேராக இருக்கும் மேற்கோள் குறிகளை வளைத்து அழகாக்குகிறது. இன்னொன்று, விட்ட வெற்று வரிகளைப் பார்த்துப் பத்தி பிரிக்கிறது. இவற்றை ஃபில்டர் என்கிறார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்பதற்கு வரிசை எண் உண்டு. எதுவும் சொல்லாவிட்டால் 10.

இந்த வரிசையில் ஒரு குறும்புக்காரரும் நிற்கிறார். வேர்ட்பிரஸ் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் வரும் ‘பி’ பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். பலர் சின்ன எழுத்தில் எழுதிவிடுகிறார்கள். அதைப் பொறுக்க முடியாமல், 2010-ல் வந்த 3.0 பதிப்பில் அந்த ஓர் எழுத்தை மட்டும் திருத்துவதற்கென்றே ஒரு ஃபில்டரைச் சேர்த்தார்கள். அது முதலில், படங்களின் முகவரிக்குள் இருந்த சின்ன ‘பி’யையும் திருத்தி இணைப்புகளை உடைத்தது. சத்தம் கிளம்பியது, சரிசெய்தார்கள். என் எழுத்தைத் திருத்த நீ யார் என்று கோபப்பட்டவர்களுக்கும் வழி இருந்தது: தங்கள் தளத்தில் அந்த ஃபில்டரை ஒரே வரியில் நீக்கிவிடலாம்.

வேர்ட்பிரஸின் வளர்ச்சி ரகசியம் அந்த ஒரே வரியில் இருக்கிறது. 2004 மே மாதம் வந்த 1.2 பதிப்பிலிருந்து, மைய நிரலின் பல நூறு இடங்களில் “இந்தக் கட்டத்தில் யாராவது குறுக்கே வர விரும்பினால் வரலாம்” என்று வாசல் விட்டு வைக்கும் பழக்கம் தொடங்கியது. மைய நிரலில் கைவைக்காமல், வெளியிலிருந்தே ஒருவர் அதன் போக்கை மாற்றலாம். அப்படி எழுதப்படுபவைதான் ப்ளகின்கள். வேர்ட்பிரஸின் பொதுக் களஞ்சியத்தில் இன்று ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான ப்ளகின்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மைய நிரலை யாரும் தொடாததால், அதைப் பராமரிப்பவர்கள் புதிய பதிப்பு வெளியிடும்போது பழையதை அப்படியே தூக்கிவிட்டுப் புதியதை வைக்க முடிகிறது. பராமரிப்புக்கு இடம்விட்டுக் கட்டிய நிரல் என்று இதைச் சொல்லலாம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. யாரோ அரைகுறையாக எழுதிய ஒரு ப்ளகின் முறிந்தால், மொத்தத் தளமும் வெறும் வெள்ளைத் திரையாகிவிடும். தளம் நடத்தியவர்களில் அந்த வெள்ளைத் திரையைப் பார்த்து வியர்க்காதவர்கள் குறைவு. 2019-ல் வந்த 5.2 பதிப்பில்தான் இதற்கு ஒரு மாற்று வந்தது. தளம் முறிந்தால் நிர்வாகிக்கு மின்னஞ்சலில் தனி இணைப்பு ஒன்று போகும். அதன் வழியே உள்ளே நுழைந்தால், முறிந்த ப்ளகின் அவருக்கு மட்டும் ஓடாமல் நிற்கும்.

பழையதைக் கைவிடாத பிடிவாதம்

முன்னே சொன்ன 12 அட்டவணைகளில் ஒன்று, நண்பர்களின் தள முகவரிகளைச் சேமிப்பதற்காக உருவானது. பக்கத்தின் ஓரத்தில் நண்பர்களின் பட்டியல் போடும் பழக்கம் மங்கிப்போனதால், 2012-ல் வந்த 3.5 பதிப்பிலிருந்து புதிய தளங்களில் அந்த வசதியை மறைத்துவிட்டார்கள். ஆனால், அட்டவணை மட்டும் இன்றும் ஒவ்வொரு புதுத் தளத்திலும் உருவாகிக்கொண்டிருக்கிறது. எங்கோ ஒரு பழைய ப்ளகின் அதை நம்பியிருக்கலாம் என்ற எண்ணம்தான் காரணம்.

வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருப்பது பிஎச்பி மொழியில். அந்த மொழியின் 5.2 பதிப்புக்கு அதை உருவாக்கியவர்களே 2011 தொடக்கத்தில் ஆதரவை நிறுத்திவிட்டார்கள். வேர்ட்பிரஸோ 2019 வரை அந்தப் பழைய பதிப்பிலும் ஓடும்படியே எழுதப்பட்டது. நிரலர்கள் இதைக் கேலி செய்தார்கள். மொழியின் புதிய பதிப்புகளில் உள்ள நல்ல வசதிகள் எதையும் மைய நிரலில் பயன்படுத்த முடியவில்லை என்று புழுங்கினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. மறுபக்கம், மலிவான சர்வரில் தளம் நடத்தும் ஒரு சின்னக் கடைக்காரருக்கு பிஎச்பி என்றால் என்னவென்றே தெரியாது. அப்டேட் பொத்தானை அழுத்தியதும் அவருடைய தளம் படுத்துவிட்டால், அடுத்த முறை அந்தப் பொத்தானை அவர் தொடவே மாட்டார். தொடாத தளம் திருடர்களுக்குத் திறந்த வீடு. எனவே முதலில் எச்சரிக்கை காட்டி, சர்வர் நிறுவனங்களோடு பேசி, பெரும்பாலானோர் நகர்ந்த பிறகே மொழியின் பழைய பதிப்பைக் கைவிட்டார்கள். மெதுவாகப் போனது பாதுகாப்புக்காகத்தான்.

எமோஜிக்குள் ஒளித்த திருத்தம்

நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதில் ஒரு விசித்திரமான சங்கடம் இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்கும்போது, அடைத்த இடம் எல்லோருக்கும் தெரிகிறது. இன்னும் அடைக்காத லட்சக்கணக்கான தளங்களில் எங்கே உடைக்கலாம் என்பதற்கு அதுவே வரைபடமாகிவிடும்.

2015-ல் நடந்த கதை இதற்கு நல்ல உதாரணம். அதைப் புரிந்துகொள்ள, எழுத்துகள் கணினியில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று தெரிய வேண்டும். இணையத்தில் பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. ‘தமிழ்’ என்று எழுதினால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள். மொத்தம் 15 பைட். பெரும்பாலான எமோஜிகளுக்கோ 4 பைட் வேண்டும். வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் அன்று வழக்கத்தில் இருந்த எழுத்து அமைப்பு, ஒரு குறியீட்டுக்கு அதிகபட்சம் 3 பைட்தான் ஏற்கும். தமிழ் மயிரிழையில் தப்பியது. 4 பைட் குறியீடு வந்தால், அந்த இடத்தோடு பிரதியை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சத்தமில்லாமல் தூக்கியெறிந்துவிடும்.

வெட்டுப்படுவது வெறும் எரிச்சல் என்றுதான் தோன்றும். ஆனால், வாசகர் ஒருவர் எழுதும் மறுமொழியில் ஆபத்தான கட்டளை ஏதும் உண்டா என்று வேர்ட்பிரஸ் முழுப் பிரதியையும் பார்த்துத்தான் சோதிக்கிறது. சோதனை முடிந்தபின் டேட்டாபேஸ் அதைப் பாதியில் வெட்டினால், சோதித்தது ஒன்று, சேமித்தது வேறொன்று. திறக்கப்பட்ட குறி மூடப்படாமல் நிற்கும். அடுத்து வரும் மறுமொழி அதற்குள் போய்ச் சிக்கும். இப்படி இரண்டு பாதிகளைக் கோத்துத் தளத்தில் விஷமக் கட்டளையை ஓடவிடலாம். இந்த ஓட்டை பற்றிய தகவல் வந்தபின், சரிசெய்ய ஓராண்டுக்கும் மேல் பிடித்தது. டேட்டாபேஸின் எழுத்து அமைப்பையே 4 பைட் ஏற்கும்படி மாற்ற வேண்டியிருந்ததும், அந்த வேலையை உலகமே பார்க்கும் இடத்தில் வைத்துச் செய்ய வேண்டியிருந்ததும் பெரும் பாடாகின.

2015 ஏப்ரலில் 4.2 பதிப்பு வந்தபோது, அதன் சிறப்பம்சங்களில் ஒன்றாக எமோஜி ஆதரவு சொல்லப்பட்டது. நிரலர்கள் பலர், உருப்படியான வேலைகளை விட்டுவிட்டு எமோஜிக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று சலித்துக்கொண்டார்கள். ஓட்டையை அடைக்கும் 4.1.2 திருத்தம் அதற்கு இரண்டு நாள் முன்னதாகத்தான் வெளிவந்திருந்தது. எமோஜிக்கான ஏற்பாடும் பாதுகாப்புத் திருத்தமும் ஒரே நிரல்தான் என்று பிறகே விளக்கினார்கள். அதுவரை, அத்தனை பேர் கண்முன்னே நடந்த வேலையின் உண்மை நோக்கம் சிலருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

இரண்டாவது கதை 2017-ல் நடந்தது. வெளியிலுள்ள செயலிகள் தளத்தின் கட்டுரைகளைப் படிக்கவும் மாற்றவும் 4.7 பதிப்பில் புதிய வழி திறந்தார்கள். பதிவு எண் 123-ஐ மாற்று என்று கேட்டால், முதல் படியில் உங்களுக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும். இரண்டாம் படியில் மாற்றும். ஒருவர் எண்ணை ‘123ஏபிசி’ என்று கொடுத்தால்? முதல் படி அந்தப் பெயரில் பதிவைத் தேடும், இருக்காது. இல்லாத பதிவுக்குத் தடை எதற்கு என்று கேட்டவரை மேலே அனுப்பிவிடும். இரண்டாம் படி அதே பெயரை முழு எண்ணாக மாற்றும். அப்போது பின்னாலுள்ள எழுத்துகள் உதிர்ந்து 123 மட்டும் மிஞ்சும். அந்த எண்ணில் பதிவு இருக்கிறது, மாற்றிவிடும். இரண்டு படிகளையும் தனித்தனியே படித்தால் குற்றம் கண்டுபிடிப்பது கடினம். சேர்த்து வைத்தால் பாஸ்வேர்ட் இல்லாமலே யார் வேண்டுமானாலும் எந்தக் கட்டுரையையும் திருத்தலாம்.

சுகூரி என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் இதைக் கண்டுபிடித்து, ஊரறியச் சொல்லாமல் வேர்ட்பிரஸ் குழுவிடம் மட்டும் தெரிவித்தார். ஜனவரி 26 அன்று திருத்தம் வெளியானது. கூடவே வந்த அறிவிப்பில் வேறு மூன்று ஓட்டைகளைப் பற்றிச் சொன்னார்கள், இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. 2013-ன் 3.7 பதிப்பிலிருந்து சிறு திருத்தங்கள் தளத்தில் தாமாகவே வந்து அமரும் வசதி உண்டு. அது வேலை செய்ய நாள் கொடுத்துவிட்டு, பிப்ரவரி 1 அன்று உண்மையை வெளியிட்டார்கள். அந்த ஒரு வாரத்தில் பெரும்பாலான தளங்கள், உரிமையாளருக்கே தெரியாமல் காப்பாற்றப்பட்டிருந்தன. தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தவர்களின் கதை வேறு. அடுத்த சில நாட்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் விஷமிகள் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போனார்கள்.

பழுது பார்க்க ஆளே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஓபன்எஸ்எஸ்எல் காட்டியது. பாஸ்வேர்டும் வங்கி எண்ணும் இணையத்தில் பத்திரமாகப் பயணிக்க, உலகின் பெரும்பகுதி சர்வர்கள் நம்பியிருந்த திறமூல மென்பொருள் அது. 2014 ஏப்ரலில் அதில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிப்பட்டது. கேட்பவர் சொல்லும் அளவை நம்பி, சர்வர் தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட்வரை எடுத்துக் கொடுத்துவிடும். அதற்குள் யாருடைய ரகசியமும் இருக்கலாம். இரண்டு ஆண்டுகளாக யாரும் கவனிக்கவில்லை. விசாரித்தபோது தெரிந்தது: முழுநேரமாக அதில் வேலை பார்த்தவர் ஒருவர்தான், ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். அதைப் பயன்படுத்திக் கோடி கோடியாகச் சம்பாதித்த நிறுவனங்கள் அதன்பிறகே பணம் ஒதுக்க முன்வந்தன.

அறிவு கைமாறும் இடங்கள்

நிரலைப் படிக்கலாம் என்பதால் எல்லோருக்கும் புரிந்துவிடாது. அதனால்தான் வேர்ட்பிரஸின் ஒவ்வொரு செயற்கூறுக்கும் மேலே குறிப்பு எழுதி வைக்கிறார்கள்: இது என்ன செய்கிறது, எதை வாங்கி எதைத் திருப்பித் தருகிறது, எந்தப் பதிப்பிலிருந்து இருக்கிறது. அந்தக் குறிப்புகளை ஒரு கருவி தானே திரட்டிக் கையேடாக்குகிறது. கையேட்டின் பக்கத்துக்குக் கீழே, பயன்படுத்தியவர்கள் தங்கள் அனுபவத்தில் கண்ட உதாரணங்களைச் சேர்க்கிறார்கள். நிரல் ஓரிடத்திலும் விளக்கம் வேறிடத்திலும் இருந்தால் இரண்டும் நாளடைவில் பிரிந்துபோகும். இங்கே இரண்டும் ஒரே கோப்பில் இருப்பதால், நிரலை மாற்றுபவர் விளக்கத்தையும் மாற்ற வேண்டிவருகிறது.

யார் பிழை கண்டாலும் அதற்கு ஓர் எண்ணிட்டுப் பதிகிறார்கள். யாரோ ஒருவர் திருத்தம் எழுதுகிறார், மற்றவர்கள் சோதிக்கிறார்கள். மைய நிரலில் சேர்க்கும் அதிகாரம் சிலருக்கு மட்டுமே உண்டு. அவர்களில் ஒருவர் சேர்க்கும்போது, மாற்றக் குறிப்பின் முடிவில் ‘ப்ராப்ஸ்’ என்று தொடங்கி, உதவியவர்களின் பெயர்களை வரிசையாக எழுதுவது மரபு. நிரல் எழுதியவர் மட்டுமல்ல, பிழையை முதலில் சொன்னவரும் சோதித்துப் பார்த்தவரும் அதில் இடம்பெறுவார்கள். புதிய பதிப்பு வந்ததும், உலகெங்கும் உள்ள தளங்களின் நிர்வாகப் பக்கத்தில் நூற்றுக்கணக்கானோரின் பெயர்ப் பட்டியல் வந்து நிற்கும். சம்பளமில்லாத வேலையில் பெயரைச் சொல்வதுதான் கூலி என்பதை இந்த மரபு நன்றாக உணர்ந்திருக்கிறது.

நிரல் எழுதத் தெரியாதவர்களும் செய்யக்கூடிய பெரிய வேலை மொழியாக்கம். வேர்ட்பிரஸில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி மொழிப் பிரிவுகள் உண்டு. திரையில் தெரியும் ஒவ்வொரு வாசகமும் பட்டியலாக இருக்கும். இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கி யாரும் தமிழாக்கம் முன்மொழியலாம், பொறுப்பாளர் ஒருவர் பார்த்து ஏற்பார்.

எளிது என்று உட்கார்ந்தவர்களைத் தமிழ் இலக்கணம் சோதிக்கும். வாசகத்தின் நடுவே ஓர் இடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். ஓடும்போது கணினி அங்கே ஒரு பெயரை இட்டு நிரப்பும். ஊர்ப் பெயர் வரும் இடம் என்று வையுங்கள். நாம் ‘இல்’ என்ற உருபைப் பின்னால் ஒட்ட வேண்டும். மதுரை என்றால் மதுரையில், சேலம் என்றால் சேலத்தில், தஞ்சாவூர் என்றால் தஞ்சாவூரில். கணினிக்குப் புணர்ச்சி விதி தெரியாது. ‘சேலம்இல்’ என்று பல்லிளிக்கும். எனவே அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர், உருபே தேவைப்படாதபடி வாக்கியத்தைத் திருப்பிப்போட்டு ‘இடம்:’ என்று எழுதி, அதன்பின் காலியிடத்தை வைப்பார். காலியிடங்கள் இரண்டு இருந்தால் எது முதலில் வர வேண்டும் என்று எண்ணிட்டு மாற்றவும் வழி உண்டு. வினை கடைசியில் வரும் நம் மொழிக்கு அது பெரிய உதவி. தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியும் இதேபோன்ற திறமூல மென்பொருள்தான். அதில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிட ‘#வழிமாற்று’ என்று தமிழிலேயே கட்டளை இடலாம். யாரோ சில தமிழர்கள் உட்கார்ந்து செய்த வேலையின் பலன் அது.

உரிமம் காப்பாற்றாதவை

இவ்வளவு சொன்னதால் இங்கே சண்டை சச்சரவே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2018 இறுதியில் 5.0 பதிப்பில் எழுதும் பெட்டியையே அடியோடு மாற்றியபோது பலருக்குப் பிடிக்கவில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் பழைய 4.9 பதிப்பை எடுத்துக்கொண்டு கிளாசிக்பிரஸ் என்று தனியே போனார்கள். வேர்ட்பிரஸ் பிறந்ததும் இப்படித்தான் என்பதால், அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

2024-ல் வந்த பிணக்கு வேறு வகை. முல்லன்வெக்குக்கும், வேர்ட்பிரஸ் தளங்களைப் பராமரித்துத் தரும் டபிள்யூபி இன்ஜின் என்ற நிறுவனத்துக்கும் வணிகப் பெயர், பங்களிப்பு ஆகியவை பற்றித் தகராறு மூண்டது. அந்த நிறுவனத்தின் சர்வர்களுக்குப் பொதுக் களஞ்சியத்திலிருந்து ப்ளகின் அப்டேட் கிடைப்பது தடுக்கப்பட்டது. நிறுவனம் அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்துப் பழைய நிலையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று உரிமம் சொல்கிறது. ஆனால், அந்த நிரலுக்கான திருத்தங்கள் தினமும் வந்துசேரும் சர்வர் யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றி அந்த உரிமத்தில் ஒரு சொல்லும் கிடையாது. அந்தப் பொதுக் களஞ்சியம் முல்லன்வெக்கின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதன் அர்த்தம் அன்றுதான் பலருக்கு உறைத்தது. திறமூல உலகம் இனி விடை காண வேண்டிய கேள்விகளில் இதுவே முதன்மையானது.

சொந்தமாகத் தளம் நடத்துபவர்கள் மூன்று காரியங்களைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தால் திறந்துவிடுங்கள். தளம் இருக்கும் சர்வரிலேயே பேக்கப்பை வைக்காமல், வேறோர் இடத்தில் ஒரு பிரதி வையுங்கள். ஒவ்வொரு ப்ளகினும் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று பாருங்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாததைத் தயங்காமல் நீக்குங்கள்.

தளம் இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆங்கிலமும் தமிழும் தெரிந்தால், வேர்ட்பிரஸின் தமிழ்ப் பட்டியலில் இன்னும் ஆங்கிலத்திலேயே நிற்கும் வாசகங்களில் பத்தை எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். உங்கள் தமிழாக்கம் ஏற்கப்பட்டால், அடுத்த அப்டேட்டில் அது முன்பின் தெரியாதவர்களின் திரைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும்.